கிறிஸ்மஸ் டின்னர் எத்தனை மணிக்கு?

நவம்பர் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வரும். இங்கிலாந்தில் பிள்ளை படிக்கிற வீடுகளுக்கு இது பழகின கடிதம். "கிறிஸ்மஸ் டின்னர் டே" இன்ன தேதி, வான்கோழியா, சைவமா, ஹலாலா என்று டிக் பண்ணி அனுப்புங்கள் என்று இருக்கும். டின்னர் என்று எழுதியிருந்தாலும் நடப்பது பகல் பன்னிரண்டு மணிக்கு. பரிமாறுகிறவர்களுக்கும் டின்னர் லேடி என்றுதான் பெயர். அதே பிள்ளை பின்னேரம் வந்து, "ஃபிரெண்ட் வீட்டில டீக்குக் கூப்பிட்டிருக்கினம்" என்றால், தேத்தண்ணியும் பிஸ்கட்டும் என்று நினைத்து வீட்டிலும் சமைத்து வைக்காதீர்கள். ஐந்து மணிக்குச் சுடச்சுட முழுச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவார்கள்.

நானும் இங்கேயே வளர்ந்தவள்தான், கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில். இப்போது இருப்பது லீட்ஸில். கணவர் கிளாஸ்கோவில் வளர்ந்தவர். அக்கா குடும்பம் லண்டனுக்குத் தெற்கே, சரேயில். டிசம்பரில் இந்த மூன்று ஊருக்கும் போய் வந்தால் ஒரே பண்டிகைக்கு மூன்று அகராதி கையில் இருக்கும். என் பிள்ளைகள் வாய் திறந்து பேசத் தொடங்கும்வரை இது எனக்கு வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

முதலில் அந்தச் சிவப்புச் சட்டைக்காரர். லீட்ஸில் என் மகளின் வகுப்பு முழுக்க அவர் சாண்டா. கிளாஸ்கோவிலும் சாண்டாதான். சரேயில் அக்காவின் பிள்ளைகள் படிக்கிற தனியார் பள்ளியில் அவர் ஃபாதர் கிறிஸ்மஸ். மகளும் அவளுடைய பெரியம்மா மகளும் இதற்கே ஒருமுறை சண்டை பிடித்தார்கள். "சாண்டா அமெரிக்கன், ஃபாதர் கிறிஸ்மஸ்தான் சரியான பெயர்" என்றாள் பெரியவள். சின்னவள் அழுதுகொண்டு வந்து, "அப்ப எனக்குப் பரிசு கொண்டு வாறது ஆர்?" என்று கேட்டாள்.

உண்மையில் அவர்கள் இரண்டு பேராகத்தான் இருந்தார்கள். ஃபாதர் கிறிஸ்மஸ் பழைய இங்கிலாந்துக்காரர். 1616இல் பென் ஜான்சன் அரண்மனைக்காக எழுதிய ஒரு நாடகத்தில் கிறிஸ்மஸே ஒரு பாத்திரமாக வந்து பேசுகிறது. அந்தக் காலத்து ஆளுக்குச் சின்னப் பிள்ளைகளோடு பெரிய தொடர்பில்லை. பெரியவர்களின் சாப்பாடு, குடி, ஆட்டம் பாட்டத்துக்கு அவர் அடையாளம். புகைபோக்கி வழியாக இறங்கிப் பரிசு வைக்கிற வேலை சாண்டா கிளாஸுக்கு. அவர் டச்சுக்காரர்களின் சின்டர்கிளாஸிலிருந்து கிளம்பி, நியூயார்க் வழியாக, 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து சேர்ந்தவர். விக்டோரியா காலத்தில் இருவரும் ஒருவராகிவிட்டார்கள். உடுப்பு ஒன்றானாலும் பெயர் ஒன்றாகவில்லை. தென் இங்கிலாந்தின் நடுத்தர, மேல்தட்டு வீடுகள் ஃபாதர் கிறிஸ்மஸ் பக்கம் சாயும், வடக்கும் ஸ்கொட்லாந்தும் சாண்டா பக்கம். சட்டம் ஒன்றும் இல்லை, சாய்வுதான். வேல்ஸில் வெல்ஷ் பேசுகிற பிள்ளைகளுக்கு அவர் ஷான் கோர்ன், புகைபோக்கி ஜான் என்பதுபோல ஒரு பெயர்.

எங்கள் அம்மா யாழ்ப்பாணத்தில் கான்வென்டில் படித்தவ. வீட்டில் சைவம், பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்மார். அவவுக்கு "ஃபாதர்" என்றால் வெள்ளை அங்கி போட்ட சுவாமியார்தான். லண்டனுக்கு வந்த முதல் டிசம்பரில் ஒரு கடை வாசலில் ஃபாதர் கிறிஸ்மஸைப் பார்க்க வரும்படி போர்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "கடைக்குள்ளயோ பூசை வைக்கினம்?" என்று அப்பாவிடம் கேட்டாவாம். அவவின் சொல் நத்தார். போர்த்துக்கேயரின் "நத்தால்" இலங்கைத் தமிழில் நத்தாராகி நின்றுவிட்டது. சிவப்புச் சட்டைக்காரர் நத்தார் தாத்தா. தமிழ்நாட்டில் அவர் கிறிஸ்துமஸ் தாத்தா. இங்கிலாந்து அப்பாவாக்கிய ஆளைத் தமிழ் தாத்தாவாக்கி வைத்திருக்கிறது. வெள்ளைத் தாடியைப் பார்த்தால் தமிழின் கணக்கு சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

இனிச் சாப்பாட்டு நேரம். இதில்தான் எங்கள் குடும்பத்தின் பெரிய கதை இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் நடந்தது. நான் கைக்குழந்தை, சொல்லக் கேட்டதுதான். அப்பா பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு வேலை. பக்கத்து வீட்டில் தனியாக ஒரு வயதான அம்மா இருந்தா. தெருவில் எல்லாரும் அவவை "நேன்" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வருடம் அப்பாவுக்குக் கிறிஸ்மஸ் அன்று லீவு என்று தெரிந்து, "எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் டின்னருக்கு வாருங்கள்" என்று கூப்பிட்டிருக்கிறா. அப்பா கொழும்பில் கந்தோரில் வேலை பார்த்தவர். அவர் படித்த ஆங்கிலத்தில் டின்னர் என்றால் இரவுச் சாப்பாடு. ஏழு மணிக்கு அப்பா கோட்டும் டையும், அம்மா காஞ்சிபுரமும், அக்கா கையில் ஒரு தட்டு வடையுமாகப் போய்க் கதவைத் தட்டினார்கள்.

நேன் மத்தியானம் ஒரு மணியிலிருந்து பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா. மேசையில் பட்டாசுக் காகிதச் சுருள்கள் வைத்தபடி இருந்தனவாம். ஒவ்வொரு தட்டையும் ஃபாயில் பேப்பரால் மூடி அவனுக்குள் வைத்து, பிறகு அவனையும் நிறுத்திவிட்டிருந்தா. ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. "டீக்குச் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள்" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போய், காய்ந்த வான்கோழியைத் திரும்பச் சூடாக்கி, அதோடு தன் டீக்கு வைத்திருந்த ஹாம் சாண்ட்விச்சையும் டிரைஃபிளையும் வைத்தாவாம். வடை முழுதும் முடிந்ததாம். அதற்குப் பிறகு, "எத்தனை மணிக்கு?" என்று கேளாமல் அப்பா யார் வீட்டுக்கும் போனதில்லை. கல்யாண வீட்டுக் கார்டில் நேரம் அச்சடித்திருந்தாலும் போன் பண்ணிக் கேட்பார்.

டின்னர் என்பது எப்போதுமே நாளின் பெரிய சாப்பாட்டுக்குப் பெயர், மணிக்கு இல்லை. முன்பு எல்லாரும் அதைப் பகலில்தான் சாப்பிட்டார்கள். பணமும் மெழுகுவர்த்தியும் உள்ளவர்கள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இரவுக்குத் தள்ளினார்கள். நடுவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப லஞ்ச் வந்தது. உடல் உழைப்புக்காரர்கள் டின்னரைப் பகலிலேயே வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வந்து சாப்பிடுவதை டீ என்றார்கள். வட இங்கிலாந்தின் பல வீடுகளில் இன்றைக்கும் பிரேக்ஃபாஸ்ட், டின்னர், டீ. கிறிஸ்மஸ் அன்றைக்கு மட்டும் தெற்கத்திக்காரரில் பெரும்பாலானோரும் பகல் சாப்பாட்டை டின்னர் என்கிறார்கள். "கிறிஸ்மஸ் லஞ்ச்" என்று கேட்டால் கொஞ்சம் மேலேறின வீடு என்று நினைத்துக்கொள்ளலாம். எப்படிச் சொன்னாலும் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் சாப்பாடு மேசைக்கு வந்துவிடும், ஏனென்றால் மூன்று மணிக்கு அரசரின் உரை. 1932இல் ஐந்தாம் ஜார்ஜ் ரேடியோவில் தொடங்கியது, 1957இலிருந்து டிவியில்.

சப்பர் இன்னும் மோசம். அக்கா வீட்டில் சப்பர் என்றால் விருந்தாளி இல்லாத சாதாரண இரவுச் சாப்பாடு. என் பக்கத்து வீட்டில் படுக்கப் போகுமுன் சாப்பிடுகிற டோஸ்ட்டும் பாலும். கணவருக்கு அது மீன் கடைச் சொல், ஃபிஷ் சப்பர் என்றால் பொரித்த மீனோடு சிப்ஸ். ஒரு கிறிஸ்மஸ் ஈவுக்கு "சப்பருக்கு வாங்கோ" என்று அக்கா மெசேஜ் போட, இவர் உண்மையாகவே சிப்ஸ் கடையில் சாப்பிடப்போகிறோம் என்று ஜீன்ஸோடு வந்தார்.

சிரிக்கிற பகுதி இதோடு முடிகிறது.

1954இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியர் ஆலன் ராஸ், ஆங்கில மேல்வகுப்பாரை அவர்களுடைய சொற்களை வைத்தே அடையாளம் காணலாம் என்று பின்லாந்தில் வெளிவந்த ஓர் ஆய்விதழில் எழுதினார். மேல்வகுப்புச் சொல்லுக்கு "யூ", மற்றதுக்கு "நான்-யூ" என்று பெயர் வைத்தார். அடுத்த வருடம் எழுத்தாளர் நான்சி மிட்ஃபோர்ட் அதை எடுத்துப் பத்திரிகையில் எழுத, நாடே தன் நாக்கைத் தானே சோதிக்கத் தொடங்கியது. மேசைக்கைக்குட்டை நாப்கின் என்றால் யூ, சேவியட் என்றால் நான்-யூ. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இனிப்பு புடிங் என்றால் யூ, ஸ்வீட் என்றால் நான்-யூ. எழுபது வருடம் ஆகியும் அது செத்துப்போகவில்லை. 2004இல் மானிடவியலாளர் கேட் ஃபாக்ஸ், "வாட்சிங் தி இங்கிலிஷ்" என்ற புத்தகத்தில் வகுப்பைக் காட்டிக்கொடுக்கும் ஏழு சொற்களைப் பட்டியல் போட்டார். பார்டன், டாய்லெட், சேவியட், டின்னர், செட்டீ, லவுஞ்ச், ஸ்வீட். இந்தப் பட்டியலை ஒரு கிறிஸ்மஸ் மேசைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லவுஞ்சில் மரம், செட்டீயில் பாட்டி, சேவியட்டில் பனிமனிதன் படம், டின்னருக்குப் பிறகு ஸ்வீட். கிறிஸ்மஸ் புடிங்குக்கு மட்டும் எந்த வகுப்பிலும் வேறு பெயர் இல்லை.

இப்போது எங்கள் பெற்றோரின் ஆங்கிலத்தை நினைத்துப் பாருங்கள். கேட்காவிட்டால் "பார்டன்?" என்று சொல்ல வேண்டும், "வாட்?" என்பது மரியாதைக் குறைவு என்று கான்வென்டில் அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சேவியட் என்பது அங்கே நாகரிகமான சொல். இலங்கையில் இன்றும் ஆங்கிலம் பேசுகிற வீடுகளில் அதுதான் புழக்கம். ஊரில் மேலான ஆங்கிலம் என்று கொடுக்கப்பட்டதை அவர்கள் பத்திரமாகக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினார்கள். இங்கே வந்து இறங்கினால் மேல்தட்டு மூக்கைச் சுளிக்கிற சொற்களாக அவையே இருக்கின்றன.

மூன்று வருடத்துக்கு முதல் எல்லாரும் எங்கள் வீட்டில்தான் கிறிஸ்மஸ். அம்மா ரிச் கேக் செய்து கொண்டு வந்திருந்தா. ரவை, முந்திரி, பூசணி தோசி, ரோஸ் வாட்டர் போட்டுச் செய்து, துண்டு துண்டாக எண்ணெய்க் காகிதத்தில் சுற்றின கேக். (பக்கத்து வீட்டு யோர்க்‌ஷயர்க்காரர் ஒருவர் அதன் மேல் வென்ஸ்லிடேல் சீஸ் துண்டு வைத்துச் சாப்பிடுவார். இங்கே கிறிஸ்மஸ் கேக்கைச் சீஸோடுதான் சாப்பிடுவார்களாம். அம்மா அதைப் பார்க்காமல் திரும்பிக்கொள்ளுவா.) மேசையில் அம்மா, "பிள்ளை, அந்த சேவியட்டை இஞ்சால தாங்கோ" என்றா. அக்காவின் மகள், அப்போது ஒன்பது வயது, எடுத்துக் கொடுத்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள்: "அம்மம்மா, அது நாப்கின். சேவியட் எண்டு சொல்லக் கூடாது."

குழந்தைத்தனமாகத்தான் சொன்னாள், கெட்ட எண்ணம் இல்லை. அம்மா ஒரு கணம் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தா. "எங்கட சிஸ்டர் அப்பிடித்தானே சொல்லித் தந்தவ," என்றா மெதுவாக. பிறகு, "பள்ளிக்கூடத்தில சொல்லியிருந்தால் சரியாத்தான் இருக்கும்." அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க அவ ஆங்கிலம் பேசவில்லை. என் மகளோடு, தமிழ் பாதி விளங்காத பிள்ளையோடு, தமிழிலேயே பேசினா. கவனித்தது நானும் அக்காவும் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

பாத்திரம் கழுவும்போது அக்காவிடம் கேட்டேன், பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. அக்கா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னாள்: "உனக்குத் தெரியாது. முதல் பெரிய இன்டர்வியூவில நான் 'பார்டன்?' எண்டு கேட்டனான். எதிரில இருந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சவை. சின்னச் சிரிப்பு. அம்மா சொல்லித் தந்த மரியாதைச் சொல்லடி அது. என்ர பிள்ளையை ஒருத்தரும் அப்பிடிப் பாக்கக் கூடாது."

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இருக்கவில்லை. அக்கா கட்டுகிற ஃபீஸில் பாதி அந்தச் சிரிப்பைத் தவிர்க்கத்தான் போகிறது. நம்மில் பலர் அதைத்தான் செய்கிறோம், கிராமர் ஸ்கூல் டியூஷன் தொடக்கம் எல்லாமே அதற்காகத்தான். அந்தச் சொற்கள் பிள்ளைக்குத் தெரியட்டும், தெரியாமல் வைப்பதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. ஆனால் ஒரு சொல் எங்கே செல்லும் என்று தெரிவது வேறு, அந்தச் சொல்லைச் சொன்னவர் ஒரு படி கீழே என்று நினைப்பது வேறு. ஒன்பது வயசுக்கு இந்த வித்தியாசம் தானாக விளங்காது. யாராவது சொல்ல வேண்டும், அது வீட்டில்தான் நடக்க வேண்டும். மேசையில் இருக்கிற மூத்தவரைத் திருத்தாதே என்பதை அதற்கும் முதல் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

நமக்கு இது புதுப் பாடமும் இல்லை. தமிழ்ப் பள்ளியில் "எண்டு" என்று எழுதினால் ரீச்சர் "என்று" என்று திருத்துவார். அதற்காக அப்பப்பா "எண்டு" என்று பேசினால் யாரும் திருத்துவதில்லை. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் கத்தோலிக்கர் பூசைக்குப் போவார்கள், மற்றச் சபையார் ஆராதனைக்குப் போவார்கள், யாரும் யாரையும் பிழை என்று சொல்வதில்லை. ஆங்கிலத்துக்கும் இதே கண்ணைக் கொடுத்தால் போதும். என் மகளிடம் நான் சொல்லி வைத்திருப்பது: நேன் வீட்டில் டின்னர், பெரியம்மா வீட்டில் லஞ்ச், அம்மம்மாவிடம் மத்தியானச் சாப்பாடு, மூன்றும் ஒரே வான்கோழி. இதை அவள் ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு, யார் வீட்டில் எந்தச் சொல் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். "ஹாப்பி கிறிஸ்மஸ்" யார் சொல்கிறார்கள், "மெரி" யார் சொல்கிறார்கள், "கிரிம்போ" யார் சொல்கிறார்கள் என்றும் ஒரு பக்கம் இருக்கிறது. போன வருடம் இதற்காகவே எலிசபெத் மகாராணியின் பழைய உரைகளைப் பார்த்தாள். மகாராணி ஹாப்பி கட்சி.

வாழ்த்து அட்டை செய்யும் வாரம் வந்தால் இந்தக் கொப்பி மிகவும் உதவும். இங்கே பாட்டிக்கு இருக்கிற பெயர்களைப் பாருங்கள்: தெற்கில் நேன், வடக்கில் நானா, கொஞ்சம் வசதியான வீட்டில் கிரானி, எங்கும் பொதுவாக கிராண்ட்மா. வேல்ஸில் வடக்கென்றால் நைன், தெற்கென்றால் மாம்கீ. அம்மாவுக்கே மம், வடகிழக்கிலும் வேல்ஸிலும் மாம், பர்மிங்ஹாமில் மோம். கார்ட் கடைகள் இதையெல்லாம் தனித்தனியாக அச்சடித்து விற்கின்றன. என் மகள் வகுப்பில் ஒருமுறை "நானா" என்று அச்சடித்த அட்டைகளைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். இலங்கையில் நானா என்றால் முஸ்லிம் வீட்டு அண்ணா. அம்மம்மாவுக்கு நானா அட்டை போனால் என்ன ஆகும் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, ரீச்சரிடம் போய் வெறும் அட்டை கேட்டேன். உடனே ஒரு கட்டு எடுத்துத் தந்தார். வகுப்பில் போலந்துப் பிள்ளைகளும் பாகிஸ்தான் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள், டிசம்பர் முதல் வாரத்துக்கு முதல் கேட்டால் நல்லது.

ஸ்கொட்லாந்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அங்கே கிறிஸ்மஸே பிந்தி வந்த விருந்தாளி. திருச்சபை அந்தப் பண்டிகையை விரும்பவில்லை, 1640இல் அவர்களுடைய பாராளுமன்றம் யூல் விடுமுறையையே எடுத்துவிட்டது. கிறிஸ்மஸ் அங்கே பொது விடுமுறை ஆனது 1958இல்தான், பொக்சிங் டே 1974இல். கணவரின் பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் பலர் சின்ன வயதில் தங்கள் அப்பா கிறிஸ்மஸ் அன்று வேலைக்குப் போனதைப் பார்த்தவர்கள். அவர்களுக்குப் பெரிய நாள் ஹோக்மனே, வருடத்தின் கடைசி இரவு. இந்தச் சொல்லை இங்கிலாந்து எந்த வகுப்பாலும் பறித்துக்கொள்ள முடியவில்லை. கிளாஸ்கோவில் டாக்டரும் ஹோக்மனே என்பார், பஸ் டிரைவரும் ஹோக்மனே என்பார்.

அந்த இரவு பன்னிரண்டு மணி அடித்த பிறகு வீட்டு வாசலைத் தாண்டி வருகிற முதல் ஆளுக்கு "ஃபர்ஸ்ட் ஃபுட்" என்று பெயர். அந்த ஆள் உயரமாக, கறுத்த முடியோடு இருக்க வேண்டும், கையில் ஒரு துண்டு நிலக்கரி கொண்டு வர வேண்டும், அப்போதுதான் வீட்டுக்கு வருடம் முழுக்க அதிர்ஷ்டம். எழுபதுகளின் கடைசியில் மாமா அந்தத் தெருவில் குடியேறியபோது அங்கே கறுத்த முடிக்காரர் அவர் ஒருவர்தான். முதல் ஹோக்மனேக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, கையில் கரியைக் கொடுத்து, வெளியே நிற்கச் சொல்லி, பன்னிரண்டு அடித்ததும் தன் வீட்டுக்குள் கூட்டிப்போனாராம். அடுத்த வருடம் ஏழு வீடு. மாமி இன்றைக்கும் சமையலறை அலுமாரியில் ஒரு பொலித்தீன் பையில் நிலக்கரி வைத்திருக்கிறா. மாமாவுக்கு இப்போது தலை முழுக்க நரை. போன வருடம் தெருக்காரர் வந்து கேட்டபோது, நாலு வயது மகனுக்கு ஜாக்கெட் போட்டு, கையில் கரியைக் கொடுத்து அனுப்பினோம். "உயரம் காணாது," என்றார் அவர், தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு.